வயது தடையில்லை, துணைதான் தேவை: மூத்தோருக்கான இணையவழிக் கல்வியும் ஹைதராபாத் தரும் பாடமும்

ஹைதராபாத்: பணி ஓய்வுக்குப் பின் வரலாறு படிக்கலாம், இசை கற்கலாம், கைபேசியிலேயே வங்கிக் கணக்கைக் கையாளப் பழகலாம். எழுபது வயதில் பட்டப்படிப்பிலும் சேரலாம். வீட்டில் இருந்தபடியே இவற்றைக் கற்பதற்கான இணையவழி வகுப்புகள் இன்று இந்தியாவில் ஏராளமாக உள்ளன. அவற்றில் பல இலவசமானவை. பெரும்பாலானவற்றுக்கு வயது வரம்பும் இல்லை. ஆயினும், சேர்பவர்கள் இறுதி வரை கற்பதற்கு என்ன தேவை என்பதே இத்துறையின் முன் உள்ள முக்கியக் கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, இணையம் வருவதற்கு முன்பே கண்டறியப்பட்டது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இன்று ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வரும் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகும். கல்வி வாய்ப்பை இளமையில் தவறவிட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் அனுபவம், இன்றைய இணையவழி வகுப்புகளுக்கும் பொருந்துகிறது.

1982இல் திறந்த கதவு

ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி இப்பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றிய பேராசிரியர் ஜி.ராம் ரெட்டி இதன் முதல் துணைவேந்தரானார். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி, 1991ஆம் ஆண்டு தற்போதைய பெயர் சூட்டப்பட்டது.

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களும், 18 வயது நிறைந்திருந்தால், ஒரு தகுதித் தேர்வை எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது இப்பல்கலைக்கழகம் கொண்டுவந்த முக்கிய மாற்றம். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய தொழிலாளர்களுக்கும், திருமணத்தால் படிப்பைத் தொடர முடியாமல் போன பெண்களுக்கும் இது ஒரு வாசலாக அமைந்தது.

ராம் ரெட்டி பின்னர் 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும், அதன்பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

கற்றல் மையம் ஏன் முக்கியம்?

அச்சிட்ட பாடநூல்களையும் வானொலிப் பாடங்களையும் மட்டும் நம்பி இப்பல்கலைக்கழகம் இயங்கவில்லை. ஆங்காங்கே உள்ள கல்லூரிகளில் கற்றல் மையங்கள் அமைக்கப்பட்டு, விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புகள் நடத்தப்பட்டன. பாடம் வீட்டுக்கு வந்தாலும், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஓர் ஆசிரியரும், உடன் படிக்கும் சிலரும் அருகில் இருந்தனர்.

இணையவழிக் கல்வி பரவியபோது பெரும்பாலும் கைவிடப்பட்டது இந்தக் கற்றல் மையமே. அதன் விளைவைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012 முதல் 2018 வரை நடத்திய திறந்த இணையவழிப் படிப்புகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, 2019ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியானது. பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடப் பக்கத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை என அது தெரிவித்தது. 2017-18ஆம் ஆண்டில் படிப்பை நிறைவு செய்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் மட்டுமே.

இது எல்லா வயதினருக்குமான கணக்கு. ஆர்வத்துக்காகப் பதிவு செய்பவர்கள் அனைவரும் சான்றிதழை நாடுவதில்லை என்பதும் உண்மை. எனினும், யாரும் உடன் இல்லாத வகுப்பில் தனித்து நீடிப்பது எளிதன்று என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இன்று உள்ள வாய்ப்புகள்

மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரையிலான பாடங்கள் இதில் இடம்பெற்றுள்ளன. காணொலி, படிக்கும் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் உரையாடல் பகுதி என நான்கு கூறுகளைக் கொண்டது இத்தளம். கற்பது இலவசம், சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். தேர்வு எழுதாமல் பாடங்களை மட்டும் கேட்டுப் பயன்பெறவும் தடையில்லை.

பட்டம் பெற விரும்புவோருக்கும் வழி உண்டு. சென்னை ஐஐடி 2020ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்புக்கு வயது வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்தவர்கள், அதற்கான தகுதித் தேர்வின் வழியே சேரலாம். பாடங்கள் இணையவழியிலும், முக்கியத் தேர்வுகள் மையங்களில் நேரடியாகவும் நடைபெறுகின்றன.

தாய்மொழியில் கற்க விரும்புவோருக்கும் இடம் உண்டு. ஹைதராபாத்தில் 1998இல் செயல்படத் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம், உருது வழியில் தொலைநிலைக் கல்வியை வழங்கி வருகிறது. தமிழ் கற்க விரும்புவோருக்கு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உதவுகிறது. இது இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என அழைக்கப்படுகிறது. இதன் நிறுவனத் தலைவராக இருந்த வா.செ.குழந்தைசாமி, அதற்கு முன் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர். ராம் ரெட்டி தொடங்கி வைத்த மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் காணலாம்.

பணி நிமித்தம் ஹைதராபாத்தில் குடியேறிய பிள்ளைகளுடன் வசிக்க வரும் தமிழ்ப் பெற்றோருக்கு இத்தகைய தளங்கள் கூடுதல் பயன் தருபவை. தெலுங்கு தெரியாத முதியவருக்கு அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை அமைவது கடினம். சங்க இலக்கியத்தையோ தமிழக வரலாற்றையோ தம் மொழியில் கற்பது அவருக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

தேர்வே இல்லாத பல்கலைக்கழகம்

மூத்தோருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் என்ற சிந்தனை பிரான்சில் தோன்றியது. துலூஸ் நகரில் 1973ஆம் ஆண்டு பேராசிரியர் பியேர் வெல்லாஸ், 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். படிக்கும் பருவம், உழைக்கும் பருவம் ஆகியவற்றுக்கு அடுத்து வருவதே இங்கு மூன்றாம் வயது எனப்படுகிறது. பிரான்சில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே முதியவர்களுக்குப் பாடம் நடத்தினர்.

1980களின் தொடக்கத்தில் இச்சிந்தனை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரை அடைந்தபோது வடிவம் மாறியது. அங்கு மூத்தோரே மூத்தோருக்கு ஆசிரியர். ஓய்வுபெற்ற பொறியாளர் வானியல் கற்பிப்பார். அவரே அடுத்த நாள் வேறொருவரிடம் ஓவியம் கற்பார். தேர்வு, சான்றிதழ், முன்தகுதி ஆகிய மூன்றும் கிடையாது. இந்த வடிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் யங், 1962ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் ஆஸ்திரேலியாவில் 1990களின் இறுதியில் இவ்வமைப்பு இணையத்துக்கும் வந்தது. வீட்டை விட்டு வெளியேற இயலாத முதியவர்களே அதன் முதல் இலக்கு.

கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் இந்தியாவிலும் மூத்தோருக்கான நேரலை வகுப்புகள் பெருகின. 'கெட்செட்அப்' போன்ற தளங்கள், மூத்தோரே மூத்தோருக்குக் கற்பிக்கும் அதே முறையைப் பின்பற்றின. கற்பிப்பவரும் சம வயதினர் என்பதால், ஒரே ஐயத்தை மூன்று முறை கேட்பதற்கும் கற்பவர் கூச்சப்பட வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட காணொலியில் கிடைக்காதது இதுவே.

மூளைக்கு நன்மையா?

வயதான பின் கற்பது நினைவாற்றலைக் காக்கும் என்று பல விளம்பரங்கள் உறுதியளிக்கின்றன. ஆய்வுகள் கூறுவது அதைவிட நிதானமானது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த டெனிஸ் பார்க் தலைமையிலான குழு, 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வை 2014இல் வெளியிட்டது. ஒரு பிரிவினர் மூன்று மாதங்கள், வாரம் சராசரியாக 15 மணி நேரம், டிஜிட்டல் ஒளிப்படக் கலையையோ ஒட்டுத்துணித் தையலையோ புதிதாகக் கற்றனர். மற்றொரு பிரிவினர் கூடிப் பேசி, சிற்றுலா சென்று பொழுதைக் கழித்தனர். வேறு சிலர் இசை கேட்பது போன்ற எளிய செயல்களில் வீட்டில் தனியே ஈடுபட்டனர்.

முடிவில், கடினமான புதிய திறனைக் கற்றவர்களிடம் நினைவாற்றல் மேம்பாடு காணப்பட்டது. தெரிந்ததையே செய்தவர்களிடமோ, கூடிப் பேசியதோடு நின்றவர்களிடமோ அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. எனவே, திரையில் ஓடும் உரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கற்பதும் ஒன்றல்ல. சற்றுச் சிரமம் தரும் புதிய ஒன்றைத் தாமே செய்து பார்க்கும் வகுப்பே பயனளிக்கிறது.

இது மறதி நோயைத் தடுக்கும் என்று பொருள் கொள்ளலாகாது. மறதி நோய் குறித்த 'லான்செட்' ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டுள்ளது. இளமைக்காலக் கல்விக் குறைவு, செவித்திறன் இழப்பு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு, சமூகத் தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆக, வகுப்பில் சேர்வதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்வது, கற்றலுக்கும் உடல்நலத்துக்கும் ஒருங்கே உதவும்.

வழி காட்டும் கேரளம்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 2022இல் 14.9 கோடியாக இருந்தது. 2050இல் இது 34.7 கோடியாக உயரும் என ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. அதாவது, ஐந்து பேரில் ஒருவர் மூத்த குடிமகனாக இருப்பார். தேசியக் கல்விக் கொள்கை 2020, வயதுவந்தோர் கல்விக்கும் வாழ்நாள் கற்றலுக்கும் தனி இயல் ஒதுக்கியுள்ளது. அதன் தொடர்ச்சியாக 2022 முதல் 2027 வரை செயல்படுத்தப்படும் 'உல்லாஸ்' திட்டம், எழுத்தறிவோடு தொடர்கல்வியையும் தன் ஐந்து கூறுகளில் ஒன்றாகக் கொண்டுள்ளது.

நடைமுறையில் இதற்கு முன்மாதிரி கேரளம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில், தன்னார்வலர்கள் மக்களைத் தேடிச் சென்று, கைபேசியைக் கையாளும் முறையைக் கற்பித்தனர். 2022இல் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியானது. இதையே மாநிலம் முழுவதும் விரிவுபடுத்திய கேரள அரசு, 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்தது. பயிற்சி பெற்றவர்களில் 105 வயது முதியவர் ஒருவரும் இருந்தார். அங்கு மூத்தோருக்குக் கைகொடுத்தது, அருகில் அமர்ந்து பொறுமையாகக் கற்பித்த மனிதர்களே.

சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நேரலையா, பதிவா: ஆசிரியருடன் பேசவும், மற்றவர்களுடன் பழகவும் இடமளிக்கும் நேரலை வகுப்பே தொடக்கத்துக்கு ஏற்றது. பதிவு செய்த பாடம் எனில், அதே பாடத்தைப் படிக்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு முறை உரையாடலாம். குடியிருப்பு வளாகத்தின் பொது அறையோ, ஊர் நூலகமோ இதற்குப் போதும்.

கருவி: சிறிய கைபேசித் திரையைவிட டேப்லெட் அல்லது மடிக்கணினி வசதியானது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம். யூடியூப் காணொலியின் வேகத்தை 0.75 அளவுக்குக் குறைக்கலாம். திரையில் எழுத்து வடிவில் உரை தோன்றும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்தலாம். பேரப்பிள்ளையின் கைபேசியைக் கேட்டு வாங்கிப் படிக்கும் நிலை இருந்தால், வகுப்பு விரைவில் நின்றுவிடும். தமக்கென ஒரு கருவி இருப்பது நல்லது.

கட்டணம்: முதல் மாதம் இலவசம் என்று கூறும் தளங்கள், அடுத்த மாதம் முதல் வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கக்கூடும். ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இவ்வாறு பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைத் தவறாமல் படித்து, தேவையில்லை எனில் அனுமதியை ரத்து செய்யலாம்.

பாதுகாப்பு: வகுப்பில் சேர ஆதார் எண், வங்கி கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றைக் கேட்பவர்களை நம்ப வேண்டாம். காவல் அதிகாரி போல் காணொலியில் தோன்றி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்பது சட்டத்தில் இல்லாத ஒன்று. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மூத்த குடிமக்களின் பிற தேவைகளுக்கு 14567 என்ற 'எல்டர் லைன்' உதவி எண் உள்ளது. இன்று நாடு முழுவதும் செயல்படும் இச்சேவையின் தொடக்கமும் ஹைதராபாத்தே. டாடா அறக்கட்டளை, விஜயவாஹினி அறக்கட்டளையின் வழியே 2017ஆம் ஆண்டு இந்நகர முதியோருக்காக இதனைத் தொடங்கியது.

வயது வரம்பையும் கல்வித் தகுதியையும் தளர்த்தி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கதவைத் திறந்த நகரம் ஹைதராபாத். அந்தக் கதவுக்குள் வந்தவர்களுக்காக ஒரு மேசையும், சில நாற்காலிகளும், ஓர் ஆசிரியரும் காத்திருந்தனர். வீட்டில் உள்ள முதியவருக்கு ஒரு செயலியைப் பதிவிறக்கித் தருவதோடு பிள்ளைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. முதல் நான்கு வகுப்புகளுக்கு அவருடன் அமர்ந்தால், ஐந்தாம் வகுப்பில் அவர் தாமாகவே இணைந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்.