கொடுவா குடியிருக்கும் இடம்



மீன்காரரிடம் பேரம் பேசாத புத்தளத்து வீடு உண்டா? "நல்ல கொடுவா வந்தால் எங்களுக்கு ஒன்று எடுத்து வையுங்கள்" என்று சொல்லி வைக்கிறோம். வந்தால் மகிழ்ச்சியோடு ஆணம் காய்ச்சுகிறோம். வராவிட்டால், "களப்பில் மீனில்லையாம்" என்று சொல்லி வேறு மீன் வாங்கிக்கொள்கிறோம். கொடுவா எங்கே இருக்கும், அதை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், அது ஏன் குறைகிறது என்பதும் விளங்கிவிடும்.

நமது களப்பு

புத்தளம் களப்பின் பரப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர். பரப்புப் பெரிதே தவிர ஆழம் பெரிதல்ல. பெரும்பாலான இடங்களில் ஓரிரு மீற்றர்தான். வடக்கே கற்பிட்டிப் பக்கமாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. கடல்வாயிலுக்குத் தூரமான தெற்குப் பகுதியில் வெயிலுக்கு நீர் வற்றி உப்பு ஏறிவிடும். ஆகவே, இவ்வளவு பெரிய களப்பில் எல்லா இடமும் மீனுக்கு ஒன்றல்ல.

எங்கே தேடுவது?

கொடுவா இரையைத் துரத்தித் திரியும் மீனல்ல. பதுங்கியிருந்து பாயும் மீன். கண்டல் வேர்களின் இடையிலும், நீரில் விழுந்து கிடக்கும் மரத்தடியிலும், கற்களின் மறைவிலும் அசையாமல் நிற்கும். நீர் பெருகும்போது இறாலும் சிறுமீனும் கண்டல் காட்டுக்குள் நுழைகின்றன. நீர் வற்றும்போது அவை சிறு ஓடைகளின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த ஓடை வாயிலில் கொடுவா காத்து நிற்கும்! அனுபவமுள்ளவர்கள் வற்று நேரத்தில் ஓடை வாயிலைத் தேடிப் போவது இதனால்தான்.

அடுத்த இடம் ஆற்றுமுகம். கலா ஓயா களப்பில் கலக்கும் கங்கைவாடிப் பக்கம் இலங்கையின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் இத்தகைய இடம் கொடுவாவுக்குப் பிரியமானது. மூன்றாவது, மேடான தரை சட்டென்று பள்ளமாக இறங்கும் விளிம்பு.

நேரமும் உண்டு. நாம் பிறை பார்த்து மாதத்தைக் கணக்கிடுகிறோம். களப்பின் நீரோட்டமும் பிறைக்குக் கட்டுப்பட்டதே. தலைப்பிறையை ஒட்டியும் பிறை 14, 15ஐ ஒட்டியும் வற்றும் பெருக்கும் கூடுதலாக இருக்கும். அந்தி மயங்கும் நேரமும் விடியற்காலையும் இரை தேட ஏற்றவை. இரவில் விளக்கொளி பட்டால் கொடுவாவின் கண் தணல்போல மின்னும். மங்கிய வெளிச்சத்தில் வேட்டையாடும் மீன்கள் பலவற்றின் கண் இப்படித்தான். கனடாவின் ஏரிகளில் பேர்பெற்ற வால்ஐ என்ற மீனின் கண்ணும் இவ்வாறே ஒளிரும்.

ஆணாய்ப் பிறந்து தாயாகும் மீன்

இதைக் கேட்டால் வியப்படைவீர்கள். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகவே வளர்கிறது. சில ஆண்டுகள் கழிந்து, உடல் பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகிறது! பெரிய தாய்மீன் கடல்வாயிலை அண்டிய உப்புநீரில் பல இலட்சம் முட்டைகளை இடும். குஞ்சுகள் கண்டல் காட்டுக்குள் வந்து ஒதுங்கி, அங்கேயே தின்று வளர்கின்றன. கண்டல் காடு அவற்றின் தொட்டில். வளர்ந்த பின் அதுவே வேட்டைக்களம்.

அந்தத் தொட்டிலுக்கு என்ன நேர்ந்தது? 1980களிலிருந்து புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகின. பல இடங்களில் கண்டல் மரங்களை வெட்டியே குளங்கள் தோண்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால் அழிந்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன. இறாலும் போயிற்று, மரமும் போயிற்று. மரம் போன கரையில் கொடுவா எதற்காக நிற்கும்?

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு அரசாங்கமும், சீக்கொலஜி என்ற அமெரிக்க அமைப்பும், நமது மாவட்டத்தின் சிலாபத்தைச் சேர்ந்த சுதீச அமைப்பும் இணைந்து நாட்டின் கண்டல் காடுகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கின. அதில் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் யாருக்கு என்று திட்டமிட்டார்கள் தெரியுமா? கரையோரப் பெண்களுக்கு! வீட்டில் வருமானம் இருந்தால் மரத்தில் கத்தி விழாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். கண்டல் காடுகளை மீட்கும் இலங்கையின் முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை முன்மாதிரியாக அறிவித்தது.

நம்மால் ஆவது

ஒரு முழம்கூட இல்லாத கொடுவாக் குஞ்சை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது இன்னும் ஒரு தடவையேனும் இனம் பெருக்காத மீன். வாங்க ஆளிருந்தால் பிடிக்கவும் ஆளிருக்கும். அடுப்புக்குக் கண்டல் விறகு வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக் குப்பையைக் களப்பு ஓரத்தில் கொட்ட விடாதீர்கள். கரையில் கன்று நடுகிறார்கள் என்றால் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள்.

மீன் நிற்கும் இடத்தைத் தேடிப் போவது தோணி ஓட்டுபவரின் திறமை. அந்த இடம் அழியாமல் இருப்பதோ கரையில் வாழும் நம் எல்லோரின் கையிலும் இருக்கிறது. நாளை உங்கள் மகள் தன் பிள்ளைகளுக்குக் கொடுவா ஆணம் காய்ச்ச வேண்டாமா?