சந்தையில் பிறந்த பாடத்திட்டம்: வஜீர் அமைதிக் குழுவின் கதை

மோதல் தடுப்புப் பயிற்சி என்றதும் நல்லிணக்கச் சொற்பொழிவு, உறுதிமொழி, முடிவில் ஒரு குழுப் படம் ஆகியவையே பலரின் நினைவுக்கு வருகின்றன. அந்த எண்ணம் முற்றிலும் தவறானது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆயினும் இத்துறையின் பயிற்சியாளர்கள் இன்றும் முன்மாதிரியாக எடுத்துக்காட்டும் முயற்சிகளுள் ஒன்று, எந்தப் பயிலரங்கிலும் தொடங்காமல், வடகிழக்குக் கென்யாவில் சோமாலிய எல்லையை ஒட்டிய வஜீர் என்னும் வறண்ட மேய்ச்சல் நிலத்தின் சந்தையில் தொடங்கியது.

அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் அஜுரான், டெகோடியா, ஒகாடேன் முதலிய சோமாலியக் குலங்களைச் சேர்ந்த கால்நடை வளர்ப்போர். 1984 பிப்ரவரியில் வாகல்லா விமான ஓடுதளத்தில் டெகோடியா ஆண்களை அரசுப் படையினர் திரட்டி வைத்துக் கொன்றதால், காவல் துறையிடமோ நீதிமன்றத்திடமோ முறையிடும் நம்பிக்கை அப்பகுதியில் ஏற்கெனவே குலைந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தது. 1991இல் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபின் அங்கிருந்து துப்பாக்கிகள் எளிதாக எல்லை கடந்தன. 1992 பொதுத்தேர்தலின் போட்டியும் குலப் பகையைக் கூர்மையாக்கியது. கிணற்றுக்கும் புல்லுக்குமான பழைய பூசல் இவ்வாறு பலநூறு உயிர்களைக் குடிக்கும் சண்டையாக மாறியது.

சண்டை நகரச் சந்தைக்குள் நுழைந்து, ஒரு குலத்துப் பெண்ணிடம் மற்றொரு குலத்தார் பால் வாங்க மறுக்கும் நிலை வந்தபோது, டேக்கா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட சில பெண்கள் ஒன்றுகூடி, எக்குலத்தவரும் அச்சமின்றி விற்கவும் வாங்கவும் இயல வேண்டும் என்று முடிவெடுத்து, சந்தையைக் கண்காணிக்கத் தாங்களே ஒரு குழுவை அமைத்தனர். அடுத்து மூத்தோரிடம் சென்றனர். சோமாலியச் சமூகத்தில் குலங்களுக்கிடையே உடன்படிக்கை செய்யும் அதிகாரம் ஆண் மூத்தோருக்கே உரியதாகையால், பெண்கள் நேரடியாக நடுவராகாமல், சண்டையில் பங்கில்லாத மிகச் சிறிய குலமொன்றின் மூத்தவரைப் பேச வைத்தனர். தங்கள் பெயர் பின்னுக்குப் போவதை அவர்கள் இழப்பாகக் கருதவில்லை என்பதே இம்முயற்சியின் கூர்மையான அரசியல் அறிவு. 1993இல் மூத்தோர் கையெழுத்திட்ட அல் ஃபதா பிரகடனம் இவ்வாறு உருவானது.

1995இல் பெண்கள், இளைஞர், மூத்தோர், சமயத் தலைவர்கள், அரசு அதிகாரிகள் ஆகியோரின் முயற்சிகள் 'வஜீர் அமைதி மற்றும் வளர்ச்சிக் குழு' என ஒன்றிணைக்கப்பட்டு, மாவட்ட ஆணையர் தலைமையிலான நிர்வாக அமைப்போடு பிணைக்கப்பட்டன. இதன் இயக்கத்தை இரு கலைச்சொற்களால் விளக்கலாம். வதந்தி, கால்நடைத் திருட்டு, வழக்கத்துக்கு மாறான இடப்பெயர்வு போன்ற அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவது 'முன்னெச்சரிக்கை'. செய்தி கிடைத்தவுடன் மூத்தோரும் பெண்களும் பாதுகாப்பு அதிகாரிகளும் ஒரே வண்டியில் அவ்விடத்துக்கு விரைந்து, பழிவாங்கல் தொடங்குமுன் பேச்சைத் தொடங்குவது 'விரைவு எதிர்வினை'. முன்னது இருந்தும் பின்னது இல்லாத திட்டங்கள் அறிக்கைகளாகவே முடிகின்றன.

டேக்கா இப்ராஹிம் பின்னர் பிரிட்டனைச் சேர்ந்த பயிற்சி அமைப்பொன்றில் பணியாற்றி, 2000ஆம் ஆண்டில் வெளிவந்து பல நாட்டுப் பயிற்சிகளில் பயன்படும் கையேடொன்றின் ஆசிரியர்களுள் ஒருவரானார். இத்தகைய பயிற்சிகளில் இடம்பெறும் 'காலக்கோடு' என்னும் உத்தியில், மோதலின் இரு தரப்பாரும் தனித்தனியே அமர்ந்து, முக்கியமெனத் தாங்கள் கருதும் நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் எழுதிய பின் இரு தாள்களும் அருகருகே ஒட்டப்படுகின்றன. ஒரு தரப்பின் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டு மறு தரப்பின் தாளில் இடம்பெறாமலே போவதுண்டு. எது சரியான வரலாறு என்று பயிற்சியாளர் தீர்ப்பளிப்பதில்லை; எதிர்த்தரப்பின் சினம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்பதை ஒவ்வொருவரும் பார்த்தாலே அந்த அமர்வின் வேலை முடிந்தது.

2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வன்முறைக்குப் பின், மாவட்ட அமைதிக் குழுக்களைக் கென்யா முழுவதும் அமைக்க முடிவு செய்யப்பட்டது. பரவிய வேகத்தில் குறைகளும் சேர்ந்தன: அமர்வுப் படிக்காக உறுப்பினராவோர் பெருகினர், நியமனங்களில் கட்சி நலன் புகுந்தது. 2001இல் வடகென்யாவில் ஏற்கப்பட்ட மொடோகாஷே பிரகடனம் கொல்லப்பட்ட ஆணுக்கு நூறு கால்நடைகளும் பெண்ணுக்கு ஐம்பதும் இழப்பீடாக வகுத்ததால், உடனடி அமைதிக்காகச் சட்டத்தின் முன் சமத்துவம் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கப்படலாம் என்னும் கேள்வியும் எழுந்தது. பெண்கள் தொடங்கிவைத்த முயற்சியின் வழித்தோன்றலில் பெண்ணுயிருக்குப் பாதி விலை என்பது எளிதில் கடந்துபோகக் கூடியதன்று.

2011இல் டேக்கா இப்ராஹிம் சாலை விபத்தில் காயமுற்று மறைந்தார். 2010ஆம் ஆண்டு அரசமைப்பின்படி உருவான கவுண்டி என்னும் மாவட்ட அளவிலான அரசுகளுக்குப் பெருந்தொகை நிதி வரத் தொடங்கியபின், அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநரின் பதவி கிணற்றைவிட மதிப்பு வாய்ந்த பந்தயப் பொருளாயிற்று. 2014இல் காரே, டெகோடியா குலங்களிடையே மீண்டும் மூண்ட சண்டையில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். தேர்தலுக்கு முன்பே எந்தக் குலத்துக்கு எந்தப் பதவி என்று பங்கிடும் வழக்கத்தை அப்பகுதியில் இன்று நடத்துவோர் அதே மூத்தோரே. நடுநிலையாளர் என்று கருதிப் பயிற்சியளிக்கப்பட்டவர்கள் போட்டியின் ஒரு தரப்பாகிவிட்ட இந்நிலைக்கு, பழைய கையேடுகளில் தனி அத்தியாயம் கிடையாது.