குழாய்க்கு எந்த 'ழ' சார்?

ஆபீஸில் எனக்கு அடுத்த ஸீட் நண்பர் ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தமிழ். இன்க்ரிமென்ட் லேட்டானால் மூன்றிலும் திட்டுவார்!

"மூணு பாஷை தெரிஞ்சவருக்கு என்ன சார் குறை?" என்று ஒரு நாள் கிண்டலடித்தேன். மனுஷர் சிரிக்கவில்லை.

"கடையில பேசற தமிழ் வேற, பரீட்சைத் தமிழ் வேறப்பா. எங்க அண்ணன் பையனைக் கேட்டுப் பாரு."

விஷயம் இதுதான். 2006-ல் நம் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் எந்த மீடியமானாலும் ஒண்ணாங்கிளாஸில் ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயம். அந்த 'பேட்ச்' 2015-16-ல் பத்தாவதுக்கு வந்து நின்றது. ஓசூர் தெலுங்கு, தாளவாடி கன்னடம், வாணியம்பாடி உருது எல்லோருக்கும் ஒரே வயிற்றுக் கலக்கல்.

பத்து வருஷம் இருந்ததே, படித்திருக்கலாமே? நானும் அதைத்தான் கேட்டேன்.

"சொல்லித்தர ஆள் வேண்டாமா?"

பல பள்ளிகளில் தமிழ் வாத்தியாரே போடவில்லை என்றுதான் கோர்ட்டுக்குப் போனார்கள். நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், சரக்கே அனுப்பாமல் பில்லை நீட்டி வசூலுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி! 2016-ல் சென்னை ஐகோர்ட் விலக்கு கொடுத்தது. பிறகு விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது.

அரசியல் சட்டத்தில் 350-ஏ என்று ஒரு பிரிவு, 1956-ல் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க மாநிலங்கள் வசதி செய்து தர 'முயல வேண்டுமாம்'. நான் வீட்டில் "சாயந்தரம் சீக்கிரம் வர முயல்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேனே, அந்த மாதிரி!

தமிழே வேண்டாம் என்று நண்பர் சொல்லவில்லை. ரேஷன் கடையிலிருந்து ரிஜிஸ்திரார் ஆபீஸ் வரை இங்கே எல்லாம் தமிழ்தானே? "தெலுங்கைப் பிடுங்காதீங்க, தமிழை ஒழுங்காச் சொல்லிக் கொடுங்க. ரெண்டும் வேணும்" என்கிறார். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. விலக்கு என்பது பரீட்சைக்கு மருந்து, பையனுக்கு அல்ல.

அண்ணன் பையன் தமிழ்ப் பேப்பர் எழுதாமலே பாஸ். இப்போது ஒரு ஃபாக்டரியில் வேலை. போன வாரம் ஆபீஸுக்கு போன் செய்தான். தெருவில் தண்ணீர் வரவில்லை, மனு எழுத வேண்டுமாம். தெலுங்கில் ஏதோ கேட்டான். நண்பர் போனைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"குழாய்க்கு எந்த 'ழ' சார்?"

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதை அவர் போனில் எப்படிச் சொல்வார் என்று இரண்டு பேருமே யோசித்துக்கொண்டிருந்தோம்.