கைத்தொலைபேசியில் கடன்பற்று அட்டை: காணிக்கைப் பணம் எங்கிருந்து வருகிறது?



ஆலய அலுவலக முகப்பில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வருபவர்களில் பலர் இப்பொழுது பணப்பையைத் திறப்பதில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, முகப்பில் வைத்துள்ள சதுரக் குறியீட்டின் மேல் காட்டி, ஐந்து வெள்ளியோ ஐம்பது வெள்ளியோ செலுத்திவிடுகிறார்கள். சில்லறை தேட வேண்டியதில்லை. கணக்கும் தானாகவே பதிவாகிவிடுகிறது. இந்த வசதி வரவேற்கத்தக்கதே.

ஆனால், "நீங்கள் செலுத்திய பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் எல்லாராலும் உடனே விடை கூற முடிவதில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து வந்த பணமும் கடன்பற்று அட்டையிலிருந்து வந்த பணமும் கைத்தொலைபேசித் திரையில் ஒன்று போலவே தோன்றும். வேற்றுமை மாதக் கடைசியில்தான் தெரியவரும். பெரியவர்களும் புதிதாக வேலைக்குச் சென்றிருக்கும் பிள்ளைகளும் இதனை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்பணப்பை வந்த வழி

நம் நாட்டில் நெடுஞ்சாலைச் சாவடிக் கட்டணத்திற்காக 'டச் என் கோ' அட்டை 1997-ஆம் ஆண்டில் அறிமுகமானது. தஞ்சோங் மாலிம் சாவடியைக் கடந்து கோலாலம்பூருக்கோ ஈப்போவுக்கோ செல்பவர்கள் அனைவரும் அறிந்த அட்டைதான் அது. அதே பெயரிலான மின்பணப்பைச் செயலி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. 2020 ஜனவரியில் அரசாங்கம் 'இ-துணாய் ராக்யாட்' என்னும் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 30 வெள்ளி வழங்கியது. அதனைப் பெற டச் என் கோ, பூஸ்ட், கிராப் ஆகிய மூன்றில் ஒரு மின்பணப்பை தேவைப்பட்டது. நம்மில் பல முதியவர்கள் முதன்முதலாக மின்பணப்பை திறந்தது அந்த 30 வெள்ளிக்காகத்தான். அடுத்து வந்த கொரோனா காலம் அப்பழக்கத்தை நிலைப்படுத்திவிட்டது.

இதற்கிடையே, 2019-இல் 'டுயிட் நாவ்' சதுரக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. முன்பு ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒவ்வொரு குறியீடு வைக்க வேண்டியிருந்தது. இப்பொழுது கடையில் ஒரே குறியீடு இருந்தால் போதும்; எந்த வங்கியின் செயலியிலிருந்தும், பெரும்பாலான மின்பணப்பைகளிலிருந்தும் பணம் செலுத்தலாம்.

பணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, வங்கிச் செயலி. சேமிப்புக் கணக்கில் உள்ள பணம் நேராகப் பெறுபவரின் கணக்கிற்குப் போகிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் செலுத்த முடியாது.

இரண்டாவது வழி, மின்பணப்பை. இதில் முன்கூட்டியே பணம் நிரப்பி வைக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்தும் நிரப்பலாம். கடன்பற்று அட்டையிலிருந்தும் நிரப்பலாம். குடத்தில் உள்ள தண்ணீரைப் பார்த்து அது எந்தக் கிணற்றில் இறைத்தது என்று சொல்ல முடியாது அல்லவா? மின்பணப்பையும் அதுபோலத்தான். 'இருப்பு 200 வெள்ளி' என்று திரை காட்டும். அந்த 200 வெள்ளி சொந்தப் பணமா, வங்கிக்குத் திருப்பித் தர வேண்டிய பணமா என்பதை நிரப்பியவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். 'இருப்பு குறைந்தால் தானே நிரப்பிக்கொள்' என்னும் வசதியைத் திறந்து வைத்து, அதனுடன் கடன்பற்று அட்டையை இணைத்திருந்தால், நாம் அறியாமலே கடன் ஏறிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி, கடன்பற்று அட்டையையே கைத்தொலைபேசிக்குள் பதிந்து வைத்து, கடையில் உள்ள கருவியின் அருகே காட்டிச் செலுத்துவது. சாம்சுங் நிறுவனத்தின் இச்சேவை 2017-இலும், ஆப்பிள், கூகள் நிறுவனங்களின் சேவைகள் 2022-இலும் மலேசியாவுக்கு வந்தன. இம்முறையில் அட்டையின் உண்மையான எண் கடைக்குத் தரப்படுவதில்லை. அதற்குப் பதிலாக வேறோர் எண்ணே அனுப்பப்படுகிறது. கைவிரல் ரேகையோ, முகமோ, இரகசிய எண்ணோ சரியாக இருந்தால்தான் பணம் போகும். திருட்டிலிருந்து காப்பதில் இது நல்ல முறை. ஆனால் கடன் கடன்தான். பூட்டு நன்றாக இருப்பதால் அது குறைந்துவிடாது.

நிரப்பிய பணம் ஏன் போகவில்லை?

"மின்பணப்பையில் பணம் இருக்கிறது. ஆனால் கணக்கிற்கு அனுப்ப முடியவில்லை" என்று சிலர் முறையிடுவதுண்டு. இதற்குக் காரணம் உண்டு. டச் என் கோ மின்பணப்பையில் கடன்பற்று அட்டை வழி நிரப்பும் தொகை 'மாற்ற முடியாத இருப்பு' என்று தனியாக வைக்கப்படுகிறது. அதைக் கொண்டு கடையில் பொருள் வாங்கலாம். சாவடிக் கட்டணம் கட்டலாம். ஆனால் இன்னொருவருக்கு அனுப்பவோ வங்கிக் கணக்கிற்கு மாற்றவோ முடியாது. கடன்பற்று அட்டையில் ரொக்கம் எடுத்தால் அதற்கு வங்கி தனிக் கட்டணமும், எடுத்த நாள் முதலே வட்டியும் வசூலிக்கும். மின்பணப்பை வழியாகச் சுற்றிவந்து அதே ரொக்கத்தைக் கட்டணமின்றி எடுத்துவிடாதபடி இந்த அணை போடப்பட்டிருக்கிறது.

நிரப்புவதற்கும் செலவு உண்டு. 2024 பிப்ரவரி 23 முதல், ஒரு மாதத்தில் கடன்பற்று அட்டை வழி 1,000 வெள்ளிக்கு மேல் நிரப்பும் தொகைக்கு 1 விழுக்காடு கட்டணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறக்கூடியவை. ஆகவே, உறுதிப்படுத்தும் பொத்தானைத் தொடும் முன் திரையில் காட்டப்படும் கட்டணத்தை நின்று படிப்பது நல்லது. 'புள்ளிகள் கிடைக்கும்' என்பதற்காக அட்டை வழி நிரப்புபவர்களும் உண்டு. மின்பணப்பை நிரப்புவதற்குப் புள்ளி தருவதில்லை என்று விதித்துள்ள வங்கிகளும் இருக்கின்றன.

555 புத்தகமும் வங்கிக் கணக்கும்

பெஹ்ராங், சிலிம் ரிவர், கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடன் புதிதன்று. பால்மரம் வெட்டிய காலத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் குறைவு. அரிசியும் சீனியும் கடனில்தான் வந்தன. மளிகைக் கடைக்காரர் '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகத்தில் எழுதி வைப்பார். சம்பள நாளில் கூட்டிப் பார்த்துக் கட்டுவார்கள். அந்தப் புத்தகத்தில் இரண்டு நன்மைகள் இருந்தன. எழுதுவது வாங்குபவரின் கண் முன்னால் நடந்தது. கணக்கு கூடிவிட்டால், "இந்த மாதம் போதும் அம்மா" என்று கடைக்காரரே சொல்லிவிடுவார்.

கடன்பற்று அட்டையும் ஒரு 555 புத்தகமே. ஆனால் எழுதுபவர் கண்ணுக்குத் தெரியாத வங்கி. 'போதும்' என்று சொல்ல ஆளில்லை. எல்லைத் தொகை ஒன்று மட்டுமே உண்டு. 2011-இல் பேங்க் நெகாரா இதற்கு விதிகள் வகுத்தது. ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும். 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் பெறுபவர்கள் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடன் எல்லை மாத வருமானத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,500 வெள்ளி பெறும் ஓர் இளைஞர் அவ்விதிக்குட்பட்டே 10,000 வெள்ளி வரை, அதாவது நான்கு மாதச் சம்பளம் வரை, கடன்படலாம்.

வட்டி எப்படி ஏறுகிறது?

மாதக் கணக்கறிக்கையில் உள்ள முழுத் தொகையையும் குறித்த நாளுக்குள் கட்டிவிட்டால், வாங்கிய பொருள்களுக்கு வட்டி கிடையாது. அவ்வாறு கட்டிவருபவர்களுக்கு அட்டை உதவியே. முழுவதும் கட்டாமல் மீதி வைத்தால், கட்டிய ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி. தவணை நாள் தவறினால் தாமதக் கட்டணமும் சேரும். இவையன்றி, 2018 செப்டம்பர் முதல் ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு.

'குறைந்தபட்சத் தொகை' என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். பொதுவாக அது நிலுவையில் 5 விழுக்காடு. அதைக் கட்டினால் போதும் என்று எண்ணுவதுதான் பலரைச் சிக்கவைக்கிறது. 1,000 வெள்ளி நிலுவைக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 15 வெள்ளி. நாம் 50 வெள்ளி கட்டினால் 15 வெள்ளி வட்டிக்குப் போய், 35 வெள்ளிதான் கடனில் கழியும். மாதந்தோறும் 50 வெள்ளி தவறாமல் கட்டினாலும், அந்த 1,000 வெள்ளி தீர இரண்டு ஆண்டுகள் ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 200 வெள்ளி. அதுவும் இடையில் அட்டையைத் தொடாமல் இருந்தால்தான்.

காணிக்கையும் கடனும்

இங்கே சில அன்பர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார், நெல் வாங்கிவர மனைவி கொடுத்த தாலியையே கொடுத்துக் குங்கிலியம் வாங்கவில்லையா? இளையான்குடி மாறனார் கடன்பட்டும் அடியார்களுக்கு அமுதளிக்கவில்லையா? உண்மைதான். ஆனால் தாம் கொடுப்பது இன்னதென்று அவர்கள் அறிந்தே கொடுத்தார்கள். கலயனார் கையிலிருந்து போனது தாலி என்பதை அவரும் அறிவார். பின்னர் அவர் மனைவியாரும் அறிந்தார். நாம் திரையைத் தொடும்போது என்ன போகிறது என்பதே தெரியாமல் கொடுத்தால், அதனை அத்தொண்டுகளோடு ஒப்பிட முடியுமா?

திருவிழாக் காலத்தில் உபயம் ஏற்கும் ஆர்வத்தில் 500 வெள்ளியை அட்டையில் செலுத்திவிட்டு, அதையே ஓராண்டு வட்டியுடன் கட்டும் குடும்பம், பிள்ளைகளின் பள்ளிச் செலவில்தான் கைவைக்க நேரும். அப்படியொரு காணிக்கையை எந்த ஆலயமும் எதிர்பார்ப்பதில்லை. மேலும், அட்டை வழி வரும் தொகையில் ஒரு சிறு பங்கை வங்கி தன் சேவைக்காகக் கழித்துக்கொள்வதால், கொடுத்தது முழுவதும் அன்னதானத்திற்கு வந்து சேர்வதில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து வரும் பத்து வெள்ளி, கொடுப்பவருக்கும் சுமையில்லை. பெறும் ஆலயத்திற்கும் நிறைவே.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மின்பணப்பையில் எந்த அட்டை இணைக்கப்பட்டுள்ளது என்பதை இன்றே திறந்து பாருங்கள். தானே நிரப்பிக்கொள்ளும் வசதி தேவையில்லையென்றால் மூடிவிடுங்கள்.

2. குறியீட்டைக் காட்டியவுடன் திரையில் பெறுபவரின் பெயர் வரும். அது ஆலயத்தின் பெயரா என்று பார்த்த பிறகே தொகையை இடுங்கள். 2023 ஏப்ரலில் ஜக்கர்த்தாவில் பள்ளிவாசல் நன்கொடைப் பெட்டிகளின் மேல் ஒருவர் தம் சொந்தக் குறியீட்டை ஒட்டிப் பணம் பறித்துப் பிடிபட்டார். எந்த வழிபாட்டுத் தலத்திலும் இது நடக்கலாம். குறியீட்டின் மேல் இன்னொரு தாள் ஒட்டியிருந்தால் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

3. வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறாதீர்கள். ஆலயத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கூறாதீர்கள்.

4. மோசடியில் பணம் போனதாக அறிந்தால், சற்றும் தாமதியாமல் 997 என்னும் எண்ணுக்கோ உங்கள் வங்கிக்கோ அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022 முதல் இவ்வெண்ணில் இயங்கிவருகிறது.

5. அட்டைக் கடன் கைமீறிப் போயிருந்தால் வட்டிக்காரரிடம் போகாதீர்கள். பேங்க் நெகாரா 2006-இல் நிறுவிய 'ஏ.கே.பி.கே.' என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை வழங்கி, வங்கிகளுடன் பேசித் தவணையை ஒழுங்குசெய்து தருகிறது. அங்கே செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. எவ்வழியில் செலுத்தினாலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கைத்தொலைபேசியில் வரும் செய்தி வங்கியின் சான்று மட்டுமே. ஆலயக் கணக்கில் பதிந்ததற்குச் சான்று ரசீதுதான்.

கைத்தொலைபேசியைக் கையாளத் தெரியாத பெரியவர்கள் மனம் சோர வேண்டாம். உண்டியல் அதே இடத்தில்தான் இருக்கிறது. ரொக்கமும் எப்பொழுதும் போல் பெற்றுக்கொள்ளப்படும். வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகள் ஒரு நாள் மாலை அருகில் அமர்ந்து, தாத்தா பாட்டியின் செயலியைத் திறந்து, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டிக்கொடுத்தால், அதுவும் நல்ல தொண்டாகும். அனைவர் இல்லத்திலும் கடன் நீங்கி நலம் பெருக எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.