விலை இறங்கும் வேளையில் வீடு: வாங்குவதா, காத்திருப்பதா?

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெருந்தொற்றின் இரண்டாம் அலை தணிந்து, ஊர் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நான் பணியாற்றிய கிளைக்கு ஒரு தம்பதியர் வந்தனர். கணவர் பள்ளி ஆசிரியர். மனைவி மைசூருவில் செவிலியர். தலைமுறைகளுக்கு முன்பே காவிரிக் கரையில் குடியேறிய தமிழ்க் குடும்பம். கஞ்சாம் பகுதியில் ஒரு வீட்டைப் பார்த்திருந்தார்கள். பெருந்தொற்றுக்கு முன்பு 46 லட்சம் கேட்ட உரிமையாளர், இப்போது 40 லட்சத்துக்கு இறங்கி வந்திருந்தார்.

"இன்னும் இறங்கும், சார். கொஞ்சம் பொறுத்தால் 36 லட்சத்துக்கே முடிக்கலாம்" என்றார் ஆசிரியர்.

"இதைத்தான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சார். மாமாவுக்கு முழங்கால் வலி. வாடகை வீடோ மாடியில் இருக்கிறது. அவர் கீழே இறங்கி வந்தே இரண்டு மாதம் ஆகிறது" என்றார் மனைவி.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. கடன் வழங்குவது என் பணி. ஆயினும், "உடனே வாங்கிவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு தாளை எடுத்து, மூவருமாகக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

காத்திருப்பதற்கு ஆகும் செலவு

வீட்டின் விலை 40 லட்சம். கைப்பணம் 10 லட்சம். கடன் 30 லட்சம். அப்போதைய வட்டி ஏறக்குறைய 7 விழுக்காடு. 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை 23,259 ரூபாய். முதல் ஆண்டில் செலுத்தும் தவணைகளில் வட்டிக்கு மட்டும் சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம் போகும். கைப்பணம் 10 லட்சத்தை வைப்பில் இட்டிருந்தால், ஐந்தரை விழுக்காட்டில் 55 ஆயிரம் கிடைத்திருக்கும். வீடு வாங்கினால் அந்த வருவாயும் இல்லை. ஆக, முதல் ஆண்டில் சொந்த வீட்டுக்கு ஆகும் செலவு 2 லட்சத்து 63 ஆயிரம். அவர்கள் கொடுத்துவந்த வாடகை மாதம் 10 ஆயிரம்; ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். வித்தியாசம் 1 லட்சத்து 43 ஆயிரம். இது வீட்டு விலையில் மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்று அதிகம்.

இதன் பொருள் இதுதான்: விலை ஆண்டுக்கு மூன்றரை விழுக்காட்டுக்கு மேல் ஏறினால், காத்திருப்பவர் இழக்கிறார். அதற்குக் குறைவாக ஏறினாலும், அசையாமல் நின்றாலும், இறங்கினாலும், காத்திருப்பவருக்கே ஆதாயம். வருமான வரிச் சலுகை பெறக்கூடியவர்கள் அதையும் கழித்துக்கொண்டு தங்கள் எண்ணைக் கண்டறியலாம். வாடகை உயர்ந்தால் இந்த எண் சுருங்கும். வட்டி உயர்ந்தால் பெருகும்.

ஆசிரியரின் முகம் மலர்ந்தது. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. இந்த ஆதாயம் தாளில் உள்ள ஆதாயம். தவணைக்கும் வாடகைக்கும் இடையே உள்ள 13 ஆயிரம் ரூபாயை மாதந்தோறும் தனியே எடுத்து வைத்தால்தான் அது கைக்கு வரும். "மூன்று வருடமாகக் காத்திருந்தீர்களே, அந்தப் பணம் எங்கே?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விலை ஏன் இறங்குகிறது?

அடுத்த கேள்வி, விலை எவ்வளவு இறங்கும் என்பதன்று. ஏன் இறங்குகிறது என்பது. இதற்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், தலைநகரம் மைசூருக்கு மாறியது. 1809இல் ஆங்கிலேயரின் படைத் தலைமையிடமும் இங்கிருந்து பெங்களூருக்குப் பெயர்ந்தது. அரண்மனையை நம்பியிருந்தவர்களும் பாசறையை நம்பியிருந்தவர்களும் ஊரைவிட்டு நீங்க, மக்கள்தொகை வெகுவாகச் சரிந்தது. ஊர் வாழ்வதற்கான காரணமே இடம்பெயர்ந்துவிட்டால், எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பழைய விலை திரும்பாது.

பெருந்தொற்றுக் காலத்து மந்தம் அத்தகையதன்று. வருமானம் குறித்த அச்சத்தால் வாங்குவோர் தயங்கினார்கள். அச்சம் தீர்ந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள். விற்பவரின் அவசரத்தால் ஒரு வீட்டின் விலை மட்டும் இறங்குவதும் உண்டு. வாங்குபவருக்கு இவை இரண்டும் வாய்ப்புகள்.

மூன்றாவது வகை இடத்திலேயே உள்ள குறை. "கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு மனை மிகவும் மலிவாக வருகிறதே" என்றார் ஆசிரியர். இவ்வூரில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் பல. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். அதேபோல, கிருஷ்ணராஜசாகர் அணை நிரம்பி ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்படும் நாட்களில், கரையோரத் தாழ்நிலங்களுக்கு வெள்ள எச்சரிக்கை வருவதை உள்ளூர்க்காரர் யாவரும் அறிவர். இத்தகைய மலிவு நீங்காத மலிவு. அதை வாய்ப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

இறங்குமுகத்தில் காத்திருக்கும் இரு சிக்கல்கள்

முதலாவது, வங்கியின் மதிப்பீடு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனை வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனை 80 விழுக்காடு வரையிலும், அதற்கு மேற்பட்டதை 75 விழுக்காடு வரையிலும் வழங்கலாம். இங்கே மதிப்பு என்பது நீங்கள் பேசி முடித்த விலையன்று. மதிப்பீட்டாளர் குறைவாக மதிப்பிட்டால், அந்தக் குறைந்த தொகையே அடிப்படை. 40 லட்சத்துக்கு ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தபின், மதிப்பு 37 லட்சம் என்று வந்தால், கடனில் விழும் துண்டை உங்கள் கையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். எனவே விலை இறங்கும் காலத்தில் முன்பணத்தைச் சிறிதாகக் கொடுங்கள். கடன் ஒப்புதல் கிடைக்காவிடில் முன்பணம் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அரசின் வழிகாட்டு மதிப்பு. சந்தை விலை இறங்கினாலும், இது தானாக இறங்காது. வாங்கும் விலை வழிகாட்டு மதிப்புக்குக் கீழே இருந்தால், முத்திரைத் தீர்வை அந்த மதிப்பின் மீதே கணக்கிடப்படும். பேரம் பேசும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்றைய வட்டி நாளைய வட்டி அன்று

"வட்டி இவ்வளவு குறைந்திருக்கும்போது வாங்காமல் விடலாமா, சார்?" என்று மனைவி கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி இது. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட்டுள்ளன. இன்றைய வட்டியில் கடன் வாங்கினால், அதே வட்டி 20 ஆண்டுக்கும் நிலைக்கும் என்பது தவறான எண்ணம். வட்டி ஏறினால், முன்னே வாங்கியவருக்கும் ஏறும். பின்னே வாங்கியவருக்கும் ஏறும். ஆகவே, குறைந்த வட்டியைக் கண்டு அவசரப்படுவதும் பிழை. வட்டி இறங்கட்டும் என்று காத்திருப்பதும் பிழை. இரண்டரை விழுக்காடு ஏறினாலும் நம்மால் தாங்க முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அவர்கள் எடுத்த முடிவு

அன்று அவர்கள் மூன்றைத் தாளில் எழுதினார்கள். ஒன்று, விலை 38 லட்சத்துக்கு வந்தால் வாங்குவது. 36க்காக மேலும் நிற்பதில்லை. இரண்டு, வராவிட்டாலும் 2022 மார்ச் இறுதிக்குள் இந்த வீட்டையோ வேறு வீட்டையோ முடிவு செய்வது. மூன்று, அதுவரை மாதம் 13 ஆயிரம் ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்துவது. முதல் இரண்டு மாதங்கள் சிரமமாக இருந்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

பிப்ரவரியில் உரிமையாளர் 38 லட்சத்துக்கு இசைந்தார். 2022 ஜனவரி முதல் மூன்று மாதங்களுக்குக் கர்நாடக அரசு வழிகாட்டு மதிப்பை 10 விழுக்காடு குறைத்திருந்ததும் பதிவுச் செலவுக்கு உதவியது. மார்ச்சில் பத்திரம் பதிவாயிற்று. சேமிப்பும் சேர்ந்ததால், கடன் 27 லட்சத்தோடு நின்றது. தவணை 20,933 ரூபாய்.

இரண்டு மாதம் கழித்து, வட்டி ஏறத் தொடங்கியது. 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் ஆறரை விழுக்காட்டை எட்டியது. அவர்களின் கடன் வட்டியும் 7லிருந்து ஒன்பதரை ஆயிற்று. அந்நிலையில் பழைய தவணை முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும், அசல் குறையாது. குறித்த காலத்தில் கடன் தீர, தவணையைச் சுமார் 25 ஆயிரமாக உயர்த்த வேண்டியிருந்தது. அவர்கள் தடுமாறவில்லை. வாடகையும் சேமிப்புமாக மாதம் 23 ஆயிரத்தை எடுத்து வைத்துப் பழகிய வீடு அது.

வாங்கியபின் விலை மேலும் இறங்கியிருந்தால்? நேர்மையாகச் சொன்னால், இறங்கியிருக்கவும் கூடும். அமெரிக்காவில் 2006இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை, 2012க்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்து, பழைய உச்சத்தைத் தொட 2016 வரை ஆயிற்று. அந்தச் சரிவில் பேரிழப்பு கண்டவர்கள், தவணை கட்ட இயலாமலோ ஊர் மாறியோ இடையில் விற்க நேர்ந்தவர்கள். தவணை கட்டிக்கொண்டு அதே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இறங்கிய விலை பெரும்பாலும் வெறும் எண்ணாகவே இருந்தது.

ஆகவே, பணிமாற்றம் வரக்கூடியவர், வருமானம் உறுதியில்லாதவர், கைப்பணம் போதாதவர் ஆகியோர் விலை இறங்கும்போது தயங்காமல் காத்திருக்கலாம். பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே வாழப்போகிறவர், உயர்ந்த வட்டியையும் தாங்கக்கூடியவர், இறக்கத்தின் காரணத்தை அறிந்தவர் ஆகியோர், சந்தையின் அடிமட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது கடந்துபோன பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரியும். காத்திருப்பதாக இருந்தால், விலை, தேதி, மாதச் சேமிப்பு ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்றும் இல்லாத காத்திருப்பு, முடிவெடுக்க அஞ்சி நாளைக் கடத்துவதே ஆகும்.

இடமாற்றல் ஆகி ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் புறப்படும் முன், அந்த வீட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். பெரியவர் வாசல் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் போட்ட கணக்கில் அவரது முழங்கால் வலிக்கென்று ஒரு வரி இருக்கவில்லை. இப்போது யார் கேட்டு வந்தாலும், அதற்கும் ஒரு வரி விட்டே கணக்கைத் தொடங்குகிறேன்.