வால்வும் ஸ்பீக்கரும்: ஒரு ஜோடிப் பொருத்தம்

நியூ ஜெர்சியில் அடுக்குமாடி வீட்டில் இருந்தபோது பழைய வால்வு கிதார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினேன். ஒருநாள் இரவு குழந்தை தூங்கியதும், சத்தம் வேண்டாமே என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, லைன் அவுட் வழியாகக் கணினியில் பதிவு செய்தேன். அரை மணி நேரத்தில் கருகல் வாடை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஸ்பீக்கரைக் கழற்றினால் ஆம்ப்ளிஃபையருக்கு ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது.

வால்வில் மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் குறைவு. 400 வோல்ட் வரை இருக்கும். ஓடுவதோ ஆம்பியரில் சிறு பின்னம். ஸ்பீக்கர் இதற்கு எதிர்ஜாதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 22 வாட் கொடுக்க ஏறத்தாழ 13 வோல்ட்டும் 1.7 ஆம்பியரும் போதும். இந்த இருவருக்கும் நடுவில் நிற்கும் தரகர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

இரண்டு 6வி6 வால்வுகள் உள்ள ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். அந்த ஜோடிக்குச் சுமார் 6,600 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) வேண்டும் என்று வைப்போம். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் 28.7 என்றால், மின்மறுப்பு அதன் வர்க்கமாக, சுமார் 825 மடங்காகத் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 6,600 ஆகிவிடுகிறது. கவனியுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் பெருக்க மட்டுமே செய்யும். 16 ஓம் மாட்டினால் 13,200. 4 ஓம் மாட்டினால் 3,300.

எதுவுமே மாட்டாவிட்டால்? கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு அறுந்தால் விழுவது இறைப்பவர்தான். வால்வு மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போது, சுருளில் தேங்கிய காந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எகிறி, சுருளின் காப்பையோ வால்வு சாக்கெட்டையோ பொசுக்கிவிடும். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில் இந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஸ்பீக்கர் இல்லாமலும் அவை பிழைக்கும். மின்மறுப்பு மிகக் குறைந்தால்தான் அவற்றுக்கு ஆபத்து. அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

கணக்கு எளிது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம், தொடர் இணைப்பில் 16 ஓம். ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 4, 8, 16 என்று தேர்வு இருந்தால் அதற்கேற்பத் திருப்புங்கள். தவிர்க்க முடியாமல் பாதியோ இரட்டிப்போ ஆனால் பல ஆம்ப்ளிஃபையர்கள் தாங்கும். சத்தம் குறையும், தொனி மாறும், வால்வின் ஆயுளும் குறையலாம். அதற்கு மேல் வேண்டாம். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 சொச்சம் காட்டினால் பயப்படாதீர்கள். மீட்டர் அளப்பது நேர்மின் தடையை. மின்மறுப்போ சுருதிக்குச் சுருதி மாறுவது. ஸ்பீக்கருக்கு கிதார் வயரையும் மாட்டாதீர்கள். அதன் உள்கம்பி இந்த மின்னோட்டத்துக்கு மிக மெல்லியது.

சத்தமில்லாமல் வாசிக்க, ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பாரத்தைத் தாங்கும் லோடு பாக்ஸ் என்ற பெட்டி விற்கிறார்கள். புது டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகுதான் நான் ஒன்று வாங்கினேன். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.