விரல் நுனியில் 8,000 வோல்ட்

குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும் ஊர்களில், கம்பளத்தின் மேல் நடந்துபோய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். அதை விரல் உணர்வதற்கே உடம்பில் ஏறத்தாழ 3,000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும் மின்னணுச் சில்லுகளும் உண்டு. நமக்கு உறைக்காத அடியே அவற்றைக் கொல்லப் போதும்.

மனிதக் கை படும் எந்த மின்னணுக் கருவியும் இந்த அடியைத் தாங்க வேண்டும். தாங்குகிறதா என்று பார்க்கும் சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 61000-4-2. இந்தச் சோதனையில் செயற்கையாக அடி கொடுக்கும் துப்பாக்கிக்குள் 150 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் 330 ஓம் மின்தடையும் இருக்கின்றன. சாவி போன்ற உலோகப் பொருளைக் கையில் பிடித்திருக்கும் ஒரு மனிதனுக்கு ஈடு இது. 8,000 வோல்ட்டில் விசையை அழுத்தினால், ஒரு நானோநொடிக்கும் குறைவான நேரத்தில் மின்னோட்டம் 30 ஆம்பியருக்கு எகிறும். 60 நானோநொடியில் 8 ஆம்பியராகத் தணியும். மொத்த ஆற்றல் 5 மில்லிஜூல்கூட இல்லை. ஆபத்து அந்த வேகத்தில்தான். அவ்வளவு விரைவாக மாறும் மின்னோட்டம் ரேடியோ அலைகளை எழுப்பி, துப்பாக்கி தொடாத கம்பிகளுக்குள்ளும் புகுந்துவிடும்.

சோதனைக்கு 80 செ.மீ. உயர மரமேசை. அதன்மேல் உலோகத் தகடு, அதன்மேல் மெல்லிய மின்காப்புத் தாள். கருவியை அதில் வைத்து ஓடவிடுவார்கள். உலோகப் பகுதி என்றால் துப்பாக்கியின் கூர்முனையை அதில் அழுத்தி வைத்துச் சுடுவார்கள். பிளாஸ்டிக் பகுதி என்றால் உருண்டை முனையை விரல் நெருங்குவதுபோல வேகமாகக் கொண்டுபோவார்கள். பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கு, மூடியின் விளிம்பு என எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே பொறி பாயும். முதல் முறையில் வழக்கமாக 8,000 வோல்ட் வரையும், இரண்டாவதில் 15,000 வோல்ட் வரையும் போவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வழக்கமாகக் குறைந்தது 10 அடி நேர்மின்னில், 10 அடி எதிர்மின்னில். பொறி பாய்வது ஈரப்பதத்தைப் பொறுத்து மாறுவதால், அறையின் ஈரப்பதம் 30 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இதோடு, கருவிக்கு 10 செ.மீ. தள்ளி நிறுத்திய தகட்டின் மேலும் சுடுவார்கள். பக்கத்திலுள்ள இன்னொரு பொருளை ஒருவர் தொடும்போது பாயும் பொறியின் தாக்கத்தை அது காட்டும்.

கருவி தோற்றால், பெரும்பாலும் கேபிள் செருகும் வாயில் பாதுகாப்பு டயோடு வைப்பார்கள். அது செருகுவாய்க்கு ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் அது வேலையைத் தொடங்குமுன் அடி சில்லை எட்டிவிடும்.

முடிவு வெறும் தேர்ச்சி, தோல்வி அல்ல. அடி விழும்போதும் பிசகாமல் ஓடினால் ஏ. தடுமாறித் தானே மீண்டால் பி. ஆள் வந்து மீட்க வேண்டியிருந்தால் சி. மீளாமல் பழுதானால் டி. தொலைக்காட்சி ஒரு கணம் மினுக்கி மீண்டால் நட்டமில்லை. நோயாளியின் நரம்பில் மருந்து செலுத்தும் பம்ப் ஒரு கணம் நின்றாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். இரண்டுக்கும் அடி ஒன்றுதான். எந்த அளவுகோலில் தேறினால் போதும் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். எனவே, மருத்துவக் கருவி வாங்குவோர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை வோல்ட்டில், எந்த அளவுகோலில் தேறியது என்றும் கேட்க வேண்டும்.